சாரல் காலத்துப் பூட்டுகள்

விசு, சாரல் பிடித்துவிட்டது. நேற்று மத்தியானம் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனபோது சலித்த மாவு போல ஒரு தூறல் முகத்தில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் மலையைக் காணவில்லை, மேகம் மூடிவிட்டது. உன் அப்பா நாற்காலியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். ஐந்தருவிக்குப் போகிற வேன்களின் நம்பர் பலகையைப் பார்த்து, இது விருதுநகர் வண்டி, இது தூத்துக்குடி வண்டி என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறார். வழக்கமாக இந்தச் செய்தியையெல்லாம் போனிலேயே சொல்லிவிடுவேன். இந்த முறை பேனாவும் தாளுமாக உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்.

கோமதி போன வாரம் என்னைக் கூப்பிட்டாள். உன்னைப் பற்றிக் குறை சொல்லுகிற பெண் இல்லை அவள் என்பது உனக்கும் தெரியும். அன்றைக்கும் சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள். "அத்தை, ஒங்க மகன் இன்சுலின் பேனாவ ஃப்ரிட்ஜ் கதவுல முட்டைக்குக் கீழ வச்சாரு, வச்சதோட சரி. கேட்டா நாளைக்குங்காரு. நாளைக்கு நாளைக்குன்னு சொல்லியே ஒரு அட்டை முட்டை தீந்துபோச்சு. பேனா மட்டும் அங்கனயே கெடக்கு." அதன் பிறகு அவளுக்குக் குரல் மாறிவிட்டது. மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை இறங்கவில்லை, ஆள் இளைத்துக்கொண்டே போகிறார், டாக்டர் இந்த மாதக் கடைசியில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார், தொடங்கவே இல்லை என்று அவரிடம் எப்படிப் போய் நிற்பது என்று கேட்டாள். அன்றைக்கே உன்னிடம் பேசினேன். நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அம்மா, மாத்திரைன்னா வெளிய தெரியாது. ஊசிய எடுத்துட்டேன்னா நான் சீக்காளி. அந்தப் பக்கம் போனவன் போனவன்தான், திரும்பி வர முடியாது." டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "கொஞ்ச மாசம் போடுங்க, ஒங்க கணையத்துக்கு ஓய்வு கெடைக்கும்ங்காரு. சும்மா ஆறுதலுக்குச் சொல்லுதாரு" என்றாய்.

ஆறுதலுக்குச் சொன்னதில்லை, விசு. ஆனால் அதை எனக்குப் போனில் விளக்கத் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தென்காசியில் பெண்பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவளுக்குக் கையில் சாக்பீஸ் இல்லாவிட்டால் வாய் தடுமாறுகிறது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், கோமதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நான் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. நம் உடம்பில் இருக்கிற செல்களில், கண்ணில் இருந்தாலும் கல்லீரலில் இருந்தாலும், எழுதியிருக்கிற மரபுச் செய்தி ஒன்றுதான். ஒரே புத்தகம். அப்படியானால் கண் ஏன் பித்தநீர் சுரப்பதில்லை? ஒரு வருடம், பாவூர்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பிள்ளை எழுந்து, "அதுக்கு ஏற்கெனவே பாக்குற வேல இருக்கே டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அவளை உட்காரச் சொல்லவில்லை. முக்கால் பங்கு சரியான பதில் அது. மீதிக் கால் பங்கு இதுதான்: பார்க்கிற வேலையை விடாமல் செய்வதற்கு, செய்யக்கூடாத வேலைகளின் பக்கங்களை அந்தச் செல் மூடி வைத்திருக்க வேண்டும். புத்தகத்தில் ஒரு எழுத்தைக்கூட அழிப்பதில்லை. அந்தப் பக்கங்களை மடித்துக் கட்டி, மேலே அடையாளம் வைத்துவிடுகிறது. அடையாளம் என்று நான் சொல்லுவது மெத்தில் என்கிற மிகச் சிறிய வேதித் துணுக்கு. மரபு இழையில் அங்கங்கே ஒட்டிக்கொண்டு, இது உனக்கு வேண்டாம் என்று சொல்லும். அந்த இழை சும்மா தொங்கிக்கொண்டும் இருப்பதில்லை. நூற்கண்டில் சுற்றிய நூல் போலப் புரத உருண்டைகளில் சுற்றி இருக்கும். வாசிக்க வேண்டிய இடத்தில் சுற்று தளரும், வேண்டாத இடத்தில் இறுகும். எழுத்தை மாற்றாமல், எதைத் திறப்பது எதை மூடுவது என்று பார்த்துக்கொள்ளுகிற இந்த ஏற்பாட்டைத்தான் எபிஜெனடிக்ஸ் என்று சொல்லுகிறார்கள்.

இனி கணையத்துக்கு வருவோம். வயிற்றுக்குப் பின்னால் கிடக்கிற அந்த உறுப்பில் சின்னச் சின்னத் திட்டுகள் உண்டு. திட்டு ஒவ்வொன்றிலும் பீட்டா செல்லும் ஆல்ஃபா செல்லும் தோள் உரச வாழ்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பீட்டா செல் இன்சுலினைச் சுரந்து இறக்கும். இறங்கினால் ஆல்ஃபா செல் குளூககானைச் சுரந்து ஏற்றும். நேர் எதிரான வேலை, ஆனால் பிறந்த இடமும் புத்தகமும் ஒன்றுதான். பீட்டா செல்லுக்குள் ஆல்ஃபா ஆவதற்கான பக்கமும் இருக்கிறது, பூட்டப்பட்டு. எலிகளில் அந்தப் பூட்டைப் பராமரிக்கிற நொதியைப் பீட்டா செல்லிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச காலத்தில் பீட்டா செல்கள் ஆல்ஃபா வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டன. அதை வாசித்தபோது எனக்குப் பகீரென்றது. பீட்டா செல் என்பது ஒருமுறை ஆகிவிட்டால் தீர்ந்தது என்றுதான் நானும் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்படி இல்லையாம். உயிரோடு இருக்கிறவரை, ஒவ்வொரு நாளும், அது பீட்டாவாக இருந்துகொண்டே இருக்க வேண்டுமாம்.

இது உனக்குப் புதுச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நீ வளர்ந்த வீடே அப்படிப்பட்டதுதான்.

ஆனி பிறந்ததும் நம் வீட்டில் பூட்டுப் போடுகிற நாள் ஒன்று வருமே, நினைவிருக்கிறதா? குற்றாலத்தில் வீடு இருக்கிற எல்லாரையும் போல நாமும் சீசனுக்கு முன்கூடத்தையும் இரண்டு அறைகளையும் குளிக்க வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு, பின்னறையிலும் அடுப்படியிலும் ஒடுங்கிக்கொள்வோம். அதற்கு முந்தின நாள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடத்துச் சுவரில் இருக்கிற படங்கள், கண்ணாடி, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிப் படிப்பறைக்குள் அடுக்குவார். உன் மேஜையும் என் புத்தகங்களும் ஏற்கெனவே அங்கேதான். பிறகு படிப்பறைக்கு ஒரு பூட்டு, பூஜையறைக்கு ஒரு பூட்டு. பூஜையறையை மட்டும் காலையில் விளக்கேற்ற நான் திறந்து மூடுவேன். சாவி அரிசி டிரம்முக்குள் கிடக்கும். வருகிறவர்களிடம் அப்பா வாசலிலேயே ஒப்பிப்பார்: "எத்தன பேரு? எத்தன நாளு? எண்ணெய வீட்டுக்குள்ள தேய்க்கப்பிடாது. ஈரத்துணி பின்னால கொடியில." அதைக் கேட்டுக் கேட்டு உனக்கு வாய்ப்பாட்டைவிட அதுதான் நன்றாக மனப்பாடம்.

வீடு நிறைய யார் யாரோ இருப்பார்கள். சிவப்புத் தரையில் எண்ணெய்க் கால்கள் பதிந்திருக்கும். ராஜபாளையத்துக்காரர் ஒருவர் அருவியில் குளித்த கையோடு அப்படியே தூங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து, இது காலையா சாயங்காலமா என்று கேட்பார். மங்குஸ்தான் தோலை உரித்துச் சட்டையில் கறைபடாமல் சாப்பிட உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அப்படி வந்த ஒரு குடும்பம்தான். அத்தனை பேர் இருந்தாலும் அது நம் வீடாகவே இருந்தது. இரண்டு கதவுகள் மூடியிருந்ததால் அப்படி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஆவணியில் கூட்டம் குறைந்ததும் அப்பா சீயக்காய் போட்டுத் தரையைத் தேய்ப்பார், பூட்டைத் திறப்போம், எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். எது எங்கே என்று யோசிக்கவே வேண்டாம். சுவரில் ஆணி இருக்கும். பெரிய ஆணி கடிகாரத்துக்கு, சாய்ந்த ஆணி என் அம்மாவின் படத்துக்கு. ஒரு வருடம் வெள்ளையடிக்க வந்தவரிடம் அப்பா, "சுண்ணாம்பு எப்படி வேணும்னாலும் அடிங்க, ஆணிய மட்டும் புடுங்கிராதீங்க" என்று பின்னாலேயே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஏணியில் நின்றபடி, "அண்ணாச்சி, ஒங்க வீட்டுல சொவத்த விட ஆணிக்குல்லா மரியாத!" என்றார்.

செல்லுக்குள்ளும் அந்த மரியாதை உண்டு, விசு. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது புத்தகத்துக்கு ஒரு புதுப் பிரதி எடுக்க வேண்டும். புதுப் பிரதியில் எழுத்து இருக்கும், அடையாளங்கள் இருக்காது. வெள்ளையடித்த சுவர் போல. அப்போது ஒரு நொதி பழைய இழையைப் பார்த்துக்கொண்டே போய், அங்கே மெத்தில் எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் புது இழையிலும் வைத்துவிடும். தாய்ச் செல் என்னவாக இருந்ததோ அதுவாகவே மகள் செல்லும் இருப்பது இதனால்தான்.

நான் சொல்ல வந்தது, பூட்டைத் திறந்துவிட்ட அந்த வருடத்தைப் பற்றி. உனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. அந்த வருடம் சாரல் நிற்கவே இல்லை. மெயினருவியில் தண்ணீர் குறைந்தபாடில்லை, கூட்டமும் குறைந்தபாடில்லை. இருந்த அறைகள் எல்லாம் நிறைந்துவிட்ட ஒரு சாயங்காலம், கைப்பிள்ளையோடு ஒரு குடும்பம் மழையில் வாசலில் நின்றது. அப்பா உள்ளே வந்து என்னைப் பார்த்தார். "ஏட்டி, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஒருத்தி நனையுதா. எப்படிப் போகச் சொல்ல?" என்றார். நான் அரிசி டிரம்முக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். படிப்பறை திறந்தது. உன் மேஜையைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் போட்டோம். அடுத்த வாரம் இன்னொரு குடும்பம். பூஜையறையில் அவர்கள் சாமான்களை வைத்துக்கொள்ளச் சொன்னோம், விளக்கு அடுப்படி அலமாரிக்கு வந்தது. ஆவணியில் கூட்டம் போகவில்லை. கார்த்திகை பிறந்ததும் அய்யப்ப பக்தர்கள். மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறவர்களை எப்படிப் போகச் சொல்வது? கூடமெல்லாம் இருமுடி. துணி காயப்போடக் கயிறு கட்ட வேண்டும் என்று யாரோ ஆணிகளை இடம் மாற்றி அடித்தார்கள். சீயக்காய் போட்டுத் தேய்க்கிற நாள் அந்த வருடம் வரவே இல்லை.

மார்கழிக் கடைசியில் ஆலங்குளத்திலிருந்து என் அண்ணன் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டு வந்தார். தோளில் கரும்புக் கட்டு, ஒரு கையில் மஞ்சள் குலை, இன்னொரு கையில் காய்கறிப் பை. நீ கேட்டருகே நின்றுகொண்டிருந்தாய். உன் மாமா குனிந்து உன் கன்னத்தைத் தொட வந்தபோது நீ ஒரு அடி பின்னால் போய்க் கேட்டாய்: "எத்தன பேரு? எத்தன நாளு?"

மாமா கரும்பை இறக்கி ஊன்றிக்கொண்டார். "ஒத்த ஆளுதான் மொதலாளி. ஒரு நேரம் சோறு போட்டீங்கன்னா சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருவேன்."

"எண்ணெய வீட்டுக்குள்ள தேய்க்கப்பிடாது."

"தலையில முடியே இல்ல, எண்ணெய எங்கன போய்த் தேய்க்க?"

கூடத்தில் இருந்த சாமிமார்கள் சிரித்துவிட்டார்கள். மாமா உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தார்: "ஏட்டி! ஒம் மகன் தாய்மாமனுக்கு ரூம் இல்லேங்கான். வந்து ஒரு வார்த்த சிபாரிசு பண்ணு!"

நானும் சிரித்துக்கொண்டேதான் ஓடிவந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நீ விளையாடவில்லை. மாமாவை உனக்குத் தெரியாமலும் இல்லை. வாசலில் நிற்கிறவரிடம் கேட்க வேண்டியது அது ஒன்றுதான் என்று உனக்குப் பழகிப் போயிருந்தது. அப்புறம் மாமா கேட்டது இன்னும் சாதாரணமான ஒரு கேள்வி. "படிய எங்க வைக்க?" என்றார். அவர் கையில் மஞ்சள் குலையிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. பூஜையறையைப் பார்த்தேன், உள்ளே அடுக்கிய டிரங்குப் பெட்டிகள். கூடத்தைப் பார்த்தேன், ஜமுக்காளம் விரித்து ஆட்கள். என் வீட்டில் என் அண்ணன் கொண்டு வந்த படியை இறக்கி வைக்க ஓர் இடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்பா வந்து தன் தோள் துண்டை அடுப்படி மூலையில் விரித்து, "இங்கன வைங்க அத்தான்" என்றார். மாமா பஸ் ஏறிப் போன பிறகு அப்பா கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். "வீடு அதுபாட்டுக்கு லாட்ஜாயிட்டு, பாத்தியா" என்று மட்டும் சொன்னார்.

யாரும் ஒரு தப்பும் செய்யாமலே அப்படி ஆகியிருந்தது. ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்ததற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. உன் பீட்டா செல்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வாசலில் சர்க்கரை வந்து நின்றுகொண்டே இருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட், கண்ட நேரத்தில் சாப்பாடு, தூக்கமில்லாத வாரங்கள். உடம்பு இன்சுலினுக்கு முன்போல இணங்காததால் இன்னும் இன்னும் சுரக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செல்லுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. சுரந்து சுரந்து களைத்து, ஒரு கட்டத்தில் திறக்க வேண்டிய பக்கங்களை மூடி, மூடியிருக்க வேண்டிய பக்கங்களைத் திறந்துவிடுகிறது. கருவில் இருந்த காலத்துப் பழைய பக்கங்கள்கூடத் திறந்துகொள்கின்றனவாம். முன்பெல்லாம் சர்க்கரை நோயில் பீட்டா செல்கள் செத்துப்போகின்றன என்று மட்டும்தான் நினைத்தோம். சிலது சாகத்தான் செய்கின்றன. ஆனால் சிலது சாகாமல், தான் யார் என்பதை மறந்து உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம் முழுவதையும் எழுதுகிறேன், விசு. செத்தவர்கள் திரும்ப மாட்டார்கள். மறந்தவர்கள் திரும்பலாம்.

நம் வீடு எப்படித் திரும்பியது? அடுத்த சீசனில் அப்பா ஆள் ஏற்றவில்லை. ஆனால் வாசலில் வந்து நிற்கிறவர்களைப் போ என்று விரட்டவும் அவரால் முடியாதே. அதனால் குடையை எடுத்துக்கொண்டு கேட்டிலேயே நின்றார். "நம்ம வீட்டுல இந்த வருசம் ஆள் ஏத்தல அண்ணாச்சி. மேல நல்ல லாட்ஜு இருக்கு. வாங்க, நானே கொண்டு விடுதேன்" என்று ஒவ்வொரு குடும்பமாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். எதிர்வீட்டுக்காரர், "என்ன அண்ணாச்சி, லாட்ஜுக்காரன் ஒமக்குச் சம்பளம் எதுவும் போட்டுத் தாரானா?" என்று தினமும் கேலி செய்தார். அப்பா கவலைப்படவில்லை. வந்தவர்கள் நனையவில்லை. அவர்களை வேறொருவர் ஏற்றுக்கொண்டார். நம் வீட்டுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. ஃப்ரிட்ஜ் கதவில் நீ வைத்திருக்கிற அந்தப் பேனா, குடை பிடித்துக்கொண்டு நிற்கிற உன் அப்பாதான். வெளியிலிருந்து வருகிற இன்சுலின் வாசலில் நிற்கிற சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கிற செல்கள் தங்கள் பூட்டுகளைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளும். டாக்டர் ஓய்வு என்று சொன்னது இதைத்தான்.

வீடு உடனே திரும்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூடம் காலியாகக் கிடந்தும் நாம் பின்னறையிலேயே நெருக்கிக்கொண்டு படுத்தோம். ஆள் வராத வாசலைப் பார்த்தால் எனக்கே என்னவோ போல இருந்தது. ஆடி பாதி போன பிறகு ஒரு காலையில் தரையில் கறகறவென்று சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் நீ உன் மேஜையைத் தாழ்வாரத்திலிருந்து படிப்பறைக்குத் தன்னந்தனியாக இழுத்துக்கொண்டு போகிறாய். யாரும் உன்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அப்பா கூடத்துச் சுவரை உள்ளங்கையால் தடவித் தடவி, அடைத்துப்போன ஆணித் துளைகளைத் தேடினார். பெரும்பாலும் கிடைத்துவிட்டன. என் அம்மாவின் படத்துக்குரிய துளை மட்டும் அகப்படவில்லை. ஒரு குத்துமதிப்பாக அடித்தார், இன்றைக்கும் அந்தப் படம் பழைய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. படிப்பறைக் கதவுக்குப் பின்னால் யாரோ எண்ணெய்த் தலையைச் சாய்த்து உட்கார்ந்த கறை எத்தனை வெள்ளையடித்தும் போகவில்லை. இருந்தாலும் அது படிப்பறைதான். நீ அதற்குள் உட்கார்ந்துதான் கல்லூரி வரை படித்தாய்.

உன்னிடம் மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். நான் சொன்னதில் பெரும்பகுதி எலிகளில் பார்த்தது. பாரத்தை இறக்கிவிட்டபோது மறந்த செல்களில் ஒரு பகுதி மறுபடி இன்சுலின் சுரந்ததை அவற்றில் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் இவ்வளவு தெளிவாகப் பார்ப்பது கடினம். ஆரம்பத்திலேயே பாரத்தை இறக்கியவர்களில் சிலருக்குப் பிறகு ஊசி தேவைப்படாமல் போகிறது, சிலருக்குத் தொடர வேண்டியிருக்கிறது. நீ எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் இன்றைக்குத் தெரியாது. ஆனால் நாள் தள்ளத் தள்ள மறதி கெட்டிப்படும் என்பது மட்டும் தெரிகிறது. உன் பேனா ஃப்ரிட்ஜில் சும்மா கிடக்கிற ஒவ்வொரு நாளும் அந்தக் கைப்பிள்ளைக் குடும்பம் உன் வாசலில்தான் நிற்கிறது. ஒருவேளை தொடர்ந்து போட வேண்டியே வந்தாலும், அதுவும் வேலை செய்கிற மருந்துதான், தண்டனை கிடையாது. எப்போது நிறுத்தலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும், நீயாக முடிவு பண்ணாதே. சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கோமதியும் சேர்ந்து கேட்டுக்கொள்ளட்டும். நேரத்துக்குத் தூங்கு. சாப்பிட்டதும் தெருவில் ஒரு நடை நட. இதெல்லாம் அம்மாக்கள் வழக்கமாகச் சொல்வதுதான், ஆனால் சீயக்காய் போட்டுத் தரையைத் தேய்ப்பது போல, தினப்படி இந்தச் சின்ன வேலைகளால்தான் வீடு வீடாக நிற்கிறது.

இன்னொன்றும் அன்றைக்குச் சொன்னாய். அப்பாவுக்கு இருக்கிறது, அதனால் உனக்கும் வந்துவிட்டது, எழுதியதை யார் மாற்ற முடியும் என்று. எழுதியதை மாற்ற முடியாதுதான். எதைத் திறப்பது எதை மூடுவது என்பதில் கொஞ்சம் நம் கையிலும் இருக்கிறது. அப்பாவுக்கு ஓய்வு பெற்ற பிறகு வந்தது, அவர் ஊசியை ஆரம்பித்தபோது காலம் கடந்திருந்தது. அவருக்கு இனி அது நிரந்தரம். உன் பயத்தை அவரிடம் சொன்னேன். வேன் நம்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "நான் காலையில ஒரு குத்து குத்திட்டு, ரெண்டு இட்லியத் தின்னுட்டு, பழைய குற்றாலம் வரைக்கும் போய்க் குளிச்சிட்டு வாரேன். அவன் மெட்ராஸ்ல ஃப்ரிட்ஜப் பாத்துப் பயந்துக்கிட்டு ஒக்காந்திருக்கான். எவன்லே சீக்காளி?" கொஞ்ச நேரம் கழித்து, "கோவமா சொன்னேன்னு அவங்கிட்ட எழுதிராத. வரச்சொல்லு, சேந்து குளிக்கப் போவோம்னு எழுது" என்றார். இரண்டையும் எழுதிவிட்டேன்.

அந்தப் பக்கம் போனவன் திரும்பி வர முடியாது என்று சொன்னாயே. திரும்பி வருவதற்காகத்தான் டாக்டர் அதை உன் கையில் கொடுத்திருக்கிறார். மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்குக் காலையில் டாக்டரைக் கூப்பிட்டு, இன்னும் தொடங்கவில்லை, இன்றைக்குத் தொடங்குகிறேன் என்று சொல். அவர் திட்டமாட்டார். திட்டினாலும் நான்கு வார்த்தைதான்.

அவரைப் பார்த்த கையோடு இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். ஆடி முடிகிறவரை தண்ணீர் நன்றாக விழும் என்று அப்பா சொல்லுகிறார். படிப்பறையை ஒழித்து வைத்திருக்கிறேன். வாசலில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். உன்னைப் பார்த்ததும் "எத்தன பேரு? எத்தன நாளு?" என்றுதான் கேட்பார், பழைய கணக்கைத் தீர்க்க இத்தனை வருடமாகக் காத்திருக்கிறார். நீ உன் மாமாவைப் போலச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்துவிடு. பேனாவைக் குளிர்ப்பையில் வைத்துப் பத்திரமாகக் கொண்டு வா. எங்கே வைக்க என்று கேட்டால் இந்த முறை எனக்குப் பதில் தெரியும். நம் ஃப்ரிட்ஜ் கதவில், அப்பாவுடைய பேனாவுக்குப் பக்கத்தில், தயிர்க் கிண்ணத்தை நகர்த்தி இடம் விட்டிருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா